ஏழாம் நம்பர் கிட்

அக்டோபர் 16

8085 மைக்ரோபிராசசர் லேப். கிட்டில் பைட்டுகளைக் கையால் அடித்து ஓட்டும் ஸ்டெப்பர் மோட்டார் (அடி அடியாகத் திரும்பும் மோட்டார்) சுற்றவில்லை. ஒரு அடி நகர்ந்து நின்றுவிட்டது. ஷாஃப்ட்டை விரலால் திருப்பினால் அசையவே மாட்டேன் என்கிறது. இறுகி நிற்பது ஒரு வகையில் நல்லதுதான்: காயிலில் கரண்ட் ஓடுகிறது, டிரைவர் (மோட்டாருக்குக் கரண்ட் தரும் சுற்று) உயிரோடு இருக்கிறது, போர்ட் முகவரி சி0 சரி. தளர்வாகத் திரும்பியிருந்தால்தான் வயரைச் சந்தேகிக்கணும்.

தப்பு டிலேயில், அடிகளுக்கு நடுவே நேரம் கடத்தும் லூப்பில். டிசிஎக்ஸ் டி (டி-ஈ ரெஜிஸ்டர் ஜோடியில் ஒன்று குறை), உடனே ஜேஎன்ஸெட் (ஜீரோ ஃபிளாக் 0 என்றால் குதி). கணக்கின் விடை பூஜ்யமானால் 1 ஆகும் பிட்தான் ஜீரோ ஃபிளாக். டிசிஎக்ஸ் எந்த ஃபிளாக்கையும் தொடாது. டி-ஈ ஜோடி எத்தனை முறை பூஜ்யத்தைத் தாண்டினாலும் ஜீரோ ஃபிளாக்குக்குச் சேதி போகாது. முதல் சுற்றில் ஃபிளாக்கில் பழைய 1 ஒன்று கிடந்திருக்கிறது, அதனால் லூப்பிலிருந்து தப்பி வெளியே வந்தது. அடுத்து டிசிஆர் பி (பி-யில் ஒன்று குறை): 4 போய் 3, ஜீரோ ஃபிளாக் 0. இரண்டாவது எண்ணை மோட்டாருக்கு அனுப்பிவிட்டு டிலேக்குள் போனது போனதுதான். டிசிஆர் ஃபிளாக்கை மாற்றும், டிசிஎக்ஸ் மாற்றாது. பெயரில் ஒரே ஒரு எழுத்து வித்தியாசம்.

நடுவில் மூவ் ஏ, ஈ-யும் ஓஆர்ஏ டி-யும் சேர்த்தால் டி, ஈ இரண்டும் பூஜ்யமாகும்போது ஜீரோ ஃபிளாக் 1 ஆகும். சரியான பைட்டுகள், எல்லாம் ஹெக்ஸில்:

4100: 21 00 42 – எல்எக்ஸ்ஐ எச், 4200
4103: 06 04 – எம்விஐ பி, 04
4105: 7ஈ – மூவ் ஏ, எம்
4106: டி3 சி0 – அவுட் சி0
4108: 11 03 03 – எல்எக்ஸ்ஐ டி, 0303
410பி: 1பி – டிசிஎக்ஸ் டி
410சி: 7பி – மூவ் ஏ, ஈ
410டி: பி2 – ஓஆர்ஏ டி
410ஈ: சி2 0பி 41 – ஜேஎன்ஸெட் 410பி
4111: 23 – ஐஎன்எக்ஸ் எச்
4112: 05 – டிசிஆர் பி
4113: சி2 05 41 – ஜேஎன்ஸெட் 4105
4116: சி3 00 41 – ஜம்ப் 4100

4200 முதல்: 09, 05, 06, 0ஏ.

25 பைட் புரோகிராம், 4 பைட் தரவு.

அக்டோபர் 17

ரெக்கார்ட் நோட்டில் ஓஆர்ஏ டி-க்கு அடியில் சிவப்புக் கோடு.

அக்டோபர் 18

டிலே கணக்கு. கிளாக் தரும் கிரிஸ்டல் மேல் 6.144 என்று பொறித்திருக்கிறது. 8085 அதை உள்ளுக்குள் பாதியாக்கும், ஆக 3.072 மெகாஹெர்ட்ஸ். லூப்பில் டிசிஎக்ஸ் 6, மூவ் 4, ஓஆர்ஏ 4, ஜேஎன்ஸெட் குதிக்கும்போது 10. மொத்தம் 24 டி-ஸ்டேட் (கிளாக் துடிப்பு). 24-ஐ 3.072-ஆல் வகுத்தால் ஒரு சுற்றுக்கு 7.8125 மைக்ரோ விநாடி. 0303 என்பது 771 சுற்று, சுமார் 6 மில்லி விநாடி. அடிக்கு 1.8 டிகிரி, 200 அடிக்கு ஒரு முழுச் சுற்று, அதற்கு 1.2 விநாடி. கண்ணால் எண்ண முடிகிற வேகம்.

அரை விநாடி வேண்டுமென்றால் சரியாக 64000 சுற்று, அதாவது எஃப்ஏ00. மிச்சமே இல்லாமல் வருகிறது. 6.144 என்ற விநோதமான எண் இங்கே இனிக்கிறது. புத்தகக் கணக்கெல்லாம் 3 மெகாஹெர்ட்ஸ் வைத்து 62500 என்கும். வைவாவில் முதலில் கிரிஸ்டல் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டுதான் பதில் சொல்லணும். ஒரு விநாடி இந்த ஒற்றை லூப்பில் முடியாது. 16 பிட்டில் 65536 சுற்றுக்கு மேல் கிடையாது, 0.512 விநாடியோடு சரி. வெளியே இன்னொரு லூப் சுற்றணும்.

மாலையில் பக்கத்து மேஜையில் மோட்டார் நடுங்கியது. சுற்றவும் இல்லை, இறுகவும் இல்லை, தேனீ மாதிரி ஒரு சத்தம். தரவு 09, 06, 05, 0ஏ. நடுவில் இரண்டு இடம் மாறியிருக்கிறது. 09 என்பது 1001, 06 என்பது 0110: இரண்டு காயிலும் ஒரே நேரத்தில் திசை மாறினால் ரோட்டார் எந்தப் பக்கம் போகும்? அதற்கே தெரியாது. 06-லிருந்து 05 ஒரு அடி பின்னால், 05-லிருந்து 0ஏ மறுபடியும் குழப்பம், 0ஏ-லிருந்து 09 ஒரு அடி முன்னால். ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு காயில்தான் மாறணும். எதிர்த் திசை வேண்டுமானால் நாலையும் தலைகீழாக எழுதணும், நடுவில் மட்டும் கைவைக்கக் கூடாது.

நடுக்கம் என்றால் தரவைப் பார். இறுக்கம் என்றால் ஃபிளாக்கைப் பார்.

அக்டோபர் 20

ஏழாம் நம்பர் கிட். அதே 29 பைட். ஓஆர்ஏ இருக்கிறது. மோட்டார் இறுகி நிற்கிறது, இந்த முறை ஒரு அடிகூட நகரவில்லை.

திருப்பிப் படிப்பதற்குள் கரண்ட் போனது. ராம் அல்லவா, எல்லாம் போச்சு.

அக்டோபர் 21

மழை. விடுமுறை.

அக்டோபர் 22

மழை. ஏழாம் நம்பர் கிட்.

4114-ல் முகவரியை மாற்றி 41 05 என்று அடித்திருந்தால்? கீழ் பைட் முதலில் என்பது 8085-இன் வழக்கம். மாற்றினால் 4105-க்குப் பதில் 0541-க்குக் குதிக்கும். அது மானிட்டர் ஈப்ராம் (கிட்டை நடத்தும் நிரந்தர புரோகிராம்) இருக்கும் பகுதி. அங்கே ஏதோ ஒரு ரொட்டீனின் நடுவில் போய் விழுந்து, டிஸ்பிளே ஏதாவது கோளாறு காட்டும். அன்றைக்கு டிஸ்பிளே அமைதியாகத்தான் இருந்தது. ஆக, சுற்றல் நம் புரோகிராமுக்குள்ளேயே.

டிலே எண்ணை மாற்றி அடித்திருந்தால்? 0303-ஐ எப்படி மாற்றினாலும் 0303. கீழ் பைட், மேல் பைட் குழப்பத்தையே மறைத்துவிடும் எண். கற்றுக்கொடுக்க இதைவிட மோசமான எண் கிடையாது.

ஒரு அடிகூட நகரவில்லை என்றால் 09-ஐத் தாண்டவே இல்லை. இரண்டே வழி: டிலேயிலிருந்து வெளியே வரவில்லை, அல்லது வந்தும் மறுபடி 4100-க்கே போகிறது.

அக்டோபர் 24

“1976-ல வந்த சிப்பை இன்னும் எதுக்குடா படிக்கணும்?” இந்தக் கேள்வி ஒவ்வொரு வருஷமும் வரும். 40 காலில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை, அந்த வேலையை ஆசிலோஸ்கோப் முனையை வைத்துப் பார்க்கலாம். 12 முதல் 19 வரை முகவரியும் தரவும் ஒரே கால்களில் மாறி மாறி வரும். 30-ஆம் கால் ஏஎல்ஈ (முகவரியைப் பிடி என்ற சைகை) மேலே போய்க் கீழே இறங்கும்போது 74எல்எஸ்373 லாட்ச் சிப் கீழ் முகவரியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கைபேசி சிப்பில் இதைக் காட்டு பார்ப்போம். முந்தைய 8080-க்கு 5, மைனஸ் 5, 12 என்று மூன்று வோல்ட்டேஜ், கூடவே கிளாக்குக்குத் தனிச் சிப். 8085-க்கு ஒற்றை 5 வோல்ட் போதும், கடைசி 5-க்கு அதுதான் பொருள். 1997-ல் செவ்வாயில் உருண்ட சோஜர்னர் வண்டிக்குள் இருந்தது இதன் சீமாஸ் (குறைந்த மின்சாரம் தின்னும்) தம்பி 80சி85.

இதைச் சொன்னதும் பேச்சு செவ்வாய்க்குப் போய்விட்டது. சொல்லியிருக்கக் கூடாது.

அக்டோபர் 25

டைமிங் டயகிராம். எஸ்டிஏ 4200 (ஏ-யில் இருப்பதை 4200-ல் எழுது): நாலு மெஷின் சைக்கிள், 4+3+3+3, 13 டி-ஸ்டேட். ஏஎல்ஈ நாலு தடவை எழும். எந்த வகைச் சைக்கிள் என்று சொல்லும் எஸ்1, எஸ்0 கால்களின் வரிசை 11, 10, 10, 01. பலர் மூன்றாவது சைக்கிளோடு நிறுத்திவிடுகிறார்கள். முகவரியைப் படித்ததோடு வேலை முடிந்த மாதிரி. எழுதுவது நாலாவதில்தான், அங்கே மேல் பஸ்ஸில் 42, கீழ் பஸ்ஸில் 00 வரணும், பிசி (புரோகிராம் கவுண்டர்) எண் அல்ல. அவுட் சி0 என்றால் மூன்றாவது சைக்கிளில் இரண்டு பாதியிலும் சி0 வரும். கேள்விக்குறியோடு ரப்பர் போட்டு அழிக்காதே, சரிதான் அது.

அக்டோபர் 26

இன்டரப்ட் வந்தால் குதிக்கும் முகவரிகள். டிராப் 0024. மனப்பாடம் வேண்டாம்: 4.5 பெருக்கல் 8, 36, ஹெக்ஸில் 24. 5.5-க்கு 2சி, 6.5-க்கு 34, 7.5-க்கு 3சி.

ஆர்எஸ்டி 7.5-ஐ மட்டும் திறக்க சிம்முக்கு (இன்டரப்ட் மாஸ்க்கை அமைக்கும் கட்டளை) முன்னால் ஏ-யில் 0பி. 03 போட்டால் மாஸ்க் பிட்டுகள் அதேதான், ஆனால் 3-ஆம் பிட் 0. ‘மாஸ்க்கை மாற்று’ என்ற அனுமதி கொடுக்காமலே மாற்றச் சொல்கிற கதை, ரீசெட்டில் மூடிய கதவு மூடியபடியே இருக்கும். அப்புறம் ஈஐ (இன்டரப்டை அனுமதி). சர்வீஸ் ரொட்டீனில் ரெட்டுக்கு (திரும்பிப் போ) முன் இன்னொரு ஈஐ. இல்லாவிட்டால் இன்டரப்ட் பட்டனுக்கு ஒரே ஒரு தடவை பதில் சொல்லிவிட்டு ஊமையாகிவிடும். ஒரு தடவை வேலை செய்வதால் பட்டனைத்தான் எல்லோரும் திட்டுவார்கள்.

அக்டோபர் 28

கிடைத்தது.

ஏழாம் நம்பர் கிட்டில் மூன்று தடவை அடித்தோம். முதல் இரண்டு தடவை மோட்டார் ஒழுங்காகச் சுற்றியது. மூன்றாவது தடவை இறுகியது. ரீசெட் செய்து, எதையும் மாற்றாமல் 4100-லிருந்து நெக்ஸ்ட், நெக்ஸ்ட், நெக்ஸ்ட். ரீசெட் செய்தால் நம் ராம் பகுதி அழியாது, பவரை அணைத்தால்தான் அழியும். 4112-ல் 05 இருக்க வேண்டிய இடத்தில் 55.

5 கீ துள்ளுகிறது. 0, 5 அடித்தால் சில நேரம் 0, 5, 5 என்று மூன்றாகப் போகிறது. டிஸ்பிளே வலப்பக்கமிருந்து தள்ளிக்கொண்டே வருவதால் மிஞ்சுவது 55. கண் நோட்டில் இருக்கும், டிஸ்பிளேயில் இருக்காது. கீபோர்டைக் கவனிக்கும் 8279 சிப் கீ துள்ளலைச் சமாளிக்க 10 மில்லி விநாடி அளவில்தான் காத்திருக்கும். தேய்ந்துபோன கீ அதையும் தாண்டித் துள்ளும்.

55 என்பது குப்பை எண் அல்ல, அது மூவ் டி, எல். முறையான ஆப்கோடு (கட்டளை எண்). ஃபிளாக்கைத் தொடாது! டிலே முடியும்போது ஓஆர்ஏ டி ஜீரோ ஃபிளாக்கை 1 ஆக்கி வைத்திருக்கிறது. ஐஎன்எக்ஸ் அதைத் தொடாது, மூவும் தொடாது. ஆகவே 4113-இல் ஜேஎன்ஸெட் குதிக்காது, நேரே 4116, அங்கிருந்து 4100. மறுபடி 09. மறுபடி 09. டி கெட்டுப்போனதும் தெரியாது, ஏனென்றால் அடுத்த சுற்றில் 11 03 03 அதைப் புதுப்பித்துவிடும். 16-ஆம் தேதி ஃபிளாக் 0-வில் ஒட்டிக்கொண்டு நிறுத்தியது, இங்கே 1-ல் ஒட்டிக்கொண்டு நிறுத்துகிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே இறுக்கம்.

புரோகிராமில் 05 மூன்று இடத்தில்: 4112, 4114, 4201. 4114-ல் துள்ளினால் 4155-க்குக் குதித்து என்ன வேண்டுமானாலும் நடக்கும். 4201-ல் துள்ளினால் ஒன்றுமே ஆகாது, மோட்டாருக்குக் கீழ் நாலு பிட் மட்டும்தான், 55-ம் 05-ம் அதற்கு ஒன்று. முதல் இரண்டு தடவையில் அங்கே துள்ளியதோ என்னவோ, பார்க்கவில்லை.

அக்டோபர் 29

ஓட்டுமுன் திருப்பிப் படி. 29 தடவை நெக்ஸ்ட், ஒரு நிமிஷம்கூட ஆகாது.

அக்டோபர் 31

8051, இன்னொரு சிப். ரீசெட்டில் எஸ்பி (ஸ்டாக் இருக்கும் இடத்தைக் காட்டும் ரெஜிஸ்டர்) 07, முதல் புஷ் போய் உட்காரும் இடம் 08. அதுதான் ரெஜிஸ்டர் பேங்க் 1-இன் ஆர்0. பேங்க் 1 பயன்படுத்துகிற புரோகிராமில் எஸ்பி-யை முதலில் 30-க்கு அருகே நகர்த்தாவிட்டால் ஸ்டாக்கும் ரெஜிஸ்டரும் ஒன்றையொன்று தின்னும்.

சீரியல்: 11.0592 கிரிஸ்டல், டிஎச்1-ல் (வேகத்தை அமைக்கும் டைமர்) எஃப்டி, 9600 பாட். கிரிஸ்டலிலிருந்து வரும் 28800-ஐ, எஃப்டி குறிக்கும் 3-ஆல் வகுத்தால் துல்லியமாக வரும். 12 மெகாஹெர்ட்ஸ் போர்டில் அதே எஃப்டி போட்டால் 10417, எட்டு சதவீதத்துக்கு மேல் பிசகு, திரையில் குப்பை எழுத்து. கேபிளை மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

நவம்பர் 1

பிராக்டிகல் தள்ளிப்போனது. புதுத் தேதி போர்டில் இன்னும் இல்லை. மழை.

நவம்பர் 2

கனவில் ஓஆர்ஏ டி.

நவம்பர் 4

ஏடிசி 0809, வோல்ட்டேஜை எண்ணாக்கும் சிப். ஈஓசி-யை (மாற்றம் முடிந்தது என்ற சைகை) பார்க்காமல் படித்தால் போன அளவீடுதான் கையில் வரும், 100 மைக்ரோ விநாடியாவது காத்திருக்கணும். இன்று அதைப் பார்த்துத்தான் படித்தது. 2.5 வோல்ட்டுக்கு ஹெக்ஸில் 80 வரணும். 7ஈ வருகிறது. ஐந்து தடவையும் 7ஈ, துள்ளல் இல்லை. ரெஃபரன்ஸ் 5 இல்லாமல் 5.08 இருந்தால் 126 வரும், அது 7ஈ-தான். ரெஃபரன்ஸ் காலில் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கணும். மீட்டரில் பேட்டரி இல்லை.