எழுத ஒரு ஆள் வேண்டும்

பரீட்சை நேரத்தில் பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடத்தைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு: நாளைக்கு எனக்கு யார் எழுதுவார்கள்? ஆடியோ கேட்டுக் கேட்டுப் படித்திருப்பார்கள். ஸ்கிரைப், அதாவது அவர்கள் சொல்லச் சொல்ல விடையை எழுதுபவர், வராவிட்டால் அத்தனையும் வீண். பல கல்லூரிகளில் அந்த ஆளை அவர்களேதான் தேடி அலைகிறார்கள். இது எனக்கு இன்னும் ஆறவில்லை.

வேலை எளிதுதான், ஆனால் முழுக் கவனம் வேண்டும். கேள்வியை மதிப்பெண்ணோடு சேர்த்து நிதானமாக வாசிக்க வேண்டும். விடை தெரிந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. சொன்னதை அப்படியே எழுதி, கேட்டால் திரும்ப வாசித்துக் காட்ட வேண்டும். நான் ஸ்கிரைபாகப் போன தேர்வு ஒன்றில் ஒரு வரலாற்று மாணவி பாதி விடையில் நிறுத்தி, "அக்கா, ரெண்டாவது பத்தியில வேலூர் புரட்சி 1806னு போட்டீங்களா?" என்றார். முழு விடையையும் பத்தி பத்தியாக மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தார்! குறுக்கே பேசாமல் ஒருவரைக் கேட்பது எப்படி என்று அந்த ஹாலில்தான் பழகினேன். இப்போது அம்மா பேசும்போது போனைக் கீழே வைத்துவிடுகிறேன்.

மத்திய அரசு வழிகாட்டுதலின்படி மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு. அதனால் மூன்று மணித் தேர்வுக்கு நான்கு மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். எழுதுபவர் என்ன படித்திருக்கலாம் என்பது தேர்வுக்குத் தேர்வு மாறும், முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. கையெழுத்து புரிந்தால் போதும்.

ஸ்கிரைப் தேவையா என்று பக்கத்துக் கல்லூரியில் விசாரித்துப் பாருங்கள். அப்புறம், வருகிறேன் என்று சொல்லிவிட்டால் கண்டிப்பாகப் போய்விடுங்கள்.