சத்திரம், கிளெய்ம், பர்சாத்தி

மே 20, 2025, செவ்வாய்

இந்தியா ஒன்றும் தர்ம சத்திரம் இல்லை என்று நேற்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தண்டனை முடித்த ஓர் இலங்கைத் தமிழர், ஊருக்குப் போனால் உயிர் மிஞ்சாது என்று போட்ட மனு தள்ளுபடி. சட்டப்படி பார்த்தால் அதில் தப்புச் சொல்ல முடியாது. இங்கே குடியிருக்கும் உரிமையை அரசியல் சாசனம் குடிமக்களுக்குத்தான் கொடுத்திருக்கிறது. 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் நாம் கையெழுத்தே போடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் கிடையாது.

எனக்கு உறுத்தியது சத்திரம் என்ற சொல்தான். நான் ஒரத்தநாட்டுக்காரன். சரபோஜி மன்னர் கட்டிய முக்தாம்பாள் சத்திரத்தின் திண்ணையில் விளையாடி வளர்ந்தவன். ராமேஸ்வரம் போகிறவர்களுக்குச் சோறு போட்ட இடம், பள்ளிக்கூடமும் நடந்தது. சாதி பார்த்துத்தான் பந்தி போட்டிருப்பார்கள், அது வேறு கதை. ஆனாலும் எங்கள் ஊரில் சத்திரம் என்பது வசவு இல்லை.

மே 25, ஞாயிறு

வாடகை கொடுக்கக் கீழே போனேன். வீட்டுக்கார அங்கிளுக்கு 83 வயது. டெல்லி லாஜ்பத் நகரில் பாதிப் பேரைப் போல இவரும் பிரிவினையில் வந்த குடும்பம். இன்று என்ன தோன்றியதோ, பீரோவிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து வந்தார். முல்தானில் விட்டு வந்த வீட்டுக்காக அவருடைய அப்பா போட்ட கிளெய்ம், அதாவது நஷ்டஈடு கேட்கும் மனு. மடிப்பில் கிழிந்து, செலோ டேப் ஒட்டி, டேப்பும் பழுத்துவிட்டது. எத்தனை அறை, எத்தனை கதவு, முற்றத்தில் ஒரு கைப்பம்பு என்று உருதுவில் வரிசையாக எழுதியிருக்கிறதாம். விரலை வைத்து வாசித்துக் காட்டினார். கிங்ஸ்வே கேம்ப் அகதி முகாமில், கூடாரத்தில் மூன்று குளிர்காலம், அப்புறம் இந்த மனை. நஷ்டஈட்டுக்கென்றே 1954இல் சட்டம் போட்டார்கள்.

டீயைக் குடித்துவிட்டு மாடியைக் காட்டி, "அவங்களை நம்ப முடியாது பேட்டா" என்றார். மேலே பர்சாத்தியில், அதாவது மொட்டை மாடி அறையில் இருப்பது ஒரு ஆப்கன் குடும்பம். அவர்களிடம் இருப்பது ஐ.நா. அகதிகள் அமைப்பு கொடுத்த அட்டை ஒன்று. அதே மாதிரி அறைக்கு நான் கொடுப்பதைவிட மூவாயிரம் கூடுதல் வாடகை. நானும் பேசாமல் டீ கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன்.

ஜூன் 1, ஞாயிறு

ஜங்புராவில் தமிழர்கள் வாழ்ந்த குடிசைப் பகுதியான மதராஸி கேம்ப்பை இடித்துவிட்டார்கள். பாராபுல்லா வடிகாலை அடைக்கிறது என்று உயர் நீதிமன்ற உத்தரவு. 370 வீடுகளில் 189 குடும்பங்களுக்குத்தான் நரேலாவில் மாற்று வீடு.

எங்கள் வீட்டில் சமைக்கும் அக்கா பட்டியலில் இல்லை. போனபோது தெருமுனையில் உட்கார்ந்திருந்தார். கிரைண்டர் கல்லை மட்டும் பழைய புடவையில் சுற்றி மடியில் வைத்திருந்தார், மற்றதெல்லாம் வண்டியில். "ஓட்டு அட்டை இருக்கு, ஆதார் இருக்கு, ரேஷன் கார்டு இருக்கு. இன்னும் என்ன தம்பி இருக்கணும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. கல்லை வாங்கிக்கொண்டேன். நல்ல கனம்.

செப்டம்பர் 4, வியாழன்

மத்திய அரசின் புது உத்தரவு வந்திருக்கிறது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள் பாஸ்போர்ட், விசா இல்லாமல் இருந்தாலும் இனித் தண்டனை கிடையாது. நல்லதுதான். ஆனால் குடியுரிமை இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் அவர்கள் பெயர் வரவில்லை. 1983க்குப் பிறகு முகாமில் பிறந்த பிள்ளைக்கே இப்போது பேரப்பிள்ளை இருக்கலாம்.

மாடிக்காரர் போனை நீட்டி, "எங்களுக்கு என்ன போட்டிருக்கு?" என்று கேட்டார். ஆப்கானிஸ்தான் பெயர் இருக்கிறதே! இந்தியில் வாசித்துக் காட்டினேன். இந்து, சீக்கியர், பௌத்தர், சமணர், பார்சி, கிறிஸ்தவர், 2024 டிசம்பர் 31 வரை. நான் நிறுத்தியதும் அடுத்த வரிக்குக் காத்திருந்தார். அடுத்த வரி இல்லை.

சாயங்காலம் அங்கிள் புது அக்ரிமென்ட்டோடு மேலே ஏறினார். பதினொரு மாதம், ஆயிரத்தைந்நூறு ஏற்றம். இறங்கி வரும்போது என்னைப் பார்த்து, "நான் அவங்களைப் போகச் சொல்லவே இல்லையே" என்றார். நான் ஒன்றும் கேட்கவில்லை.