மிக்ஜாமுக்குப் பிறகு பின் ஆக்சிலில் கேட்ட ஊளை

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரியில் எங்கள் தெருவில் நின்றிருந்த அம்பாசடர், சக்கரம் முக்கால் உயரம் மூழ்கிய நிலையில் இரண்டு நாள் தண்ணீரிலேயே கிடந்தது. தண்ணீர் வடிந்ததும் எஞ்சின் ஆயிலை மாற்றினேன்; பிரேக்கைப் பிரித்துத் துடைத்தேன்; ஆனால் பின் சக்கரங்களைச் சுழற்றும் பல்சக்கரங்கள் இருக்கும் பின் ஆக்சிலின் ஆயிலைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அந்த ஒரு வேலையை விட்டதன் விலையைக் கோடையில் கொடுத்தேன். ஜி.எஸ்.டி. சாலையில் 50 கி.மீ. வேகத்தைத் தாண்டியதும் பின் இருக்கைக்கு அடியிலிருந்து ஊளை போன்ற சத்தம் எழத் தொடங்கியது.

முதலில் காட்டிய பட்டறையில், வண்டியை ஓட்டிப் பார்க்காமலே, கிரவுன் பினியன் (எஞ்சினின் சுழற்சியைப் பின் சக்கரங்களுக்குத் திருப்பும் பெரிய கிரவுன் வீலும் சிறிய பினியனும் சேர்ந்த சோடி) போய்விட்டது, பழைய உதிரிபாகக் கடைகள் உள்ள புதுப்பேட்டையில் ஒரு செட் வாங்கி வாருங்கள் என்றார்கள். போனேன். எனக்குக் காட்டிய செட்டில் கிரவுன் வீலின் ஓரத்தில் பொறித்திருந்த எண் ஒன்று, பினியன் முகத்தில் இருந்த எண் வேறொன்று. இந்தப் பல்சக்கரங்கள் இரண்டும் தொழிற்சாலையிலேயே ஒன்றோடு ஒன்று தேய்க்கப்பட்டுச் சோடியாக்கப்படுபவை. சோடி மாறினால் பல்லின் எண்ணிக்கை சரியாகவே இருந்தாலும் இடைவெளியைச் சரிசெய்ய வைக்கும் மெல்லிய தகடான எந்த ஷிம்மாலும் அவற்றின் சத்தத்தை அடக்க முடியாது. வெறுங்கையோடு திரும்பியது அன்று எனக்கு வருத்தமாக இருந்தது என்றாலும், இன்று யோசித்தால் அதுவே நான் எடுத்த நல்ல முடிவு.

பிறகு ராயபுரத்தில் அரைநூற்றாண்டாக இந்த வேலையைச் செய்யும் ஒரு பெரியவரிடம் போனேன். அவர் ஸ்பேனரைத் தொடவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து, "ஓட்டு தம்பி, நான் சொல்லும்போது காலை எடு" என்றார். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது மெலிதாக இருந்த ஊளை, காலை எடுத்து வண்டி தன்போக்கில் வேகம் குறையும்போது ஓங்கியது. நியூட்ரலில் நிறுத்தி எஞ்சினை முறுக்கினால் சத்தமே இல்லை. சாலையின் தார் மாறியபோதும் சத்தம் மாறவில்லை, ஆகவே டயரும் அல்ல. வளைவில் மட்டும் கேட்டிருந்தால் வளைவில் இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல உதவும் ஸ்டார் பினியனையோ சக்கர பேரிங்கையோ சந்தேகித்திருக்கலாம். கிளட்சை விடும்போது "டக்" என்று அடித்திருந்தால், ஆக்சிலின் கூடான ஹவுசிங்கைத் திறக்கும் முன், புரொப்பெல்லர் தண்டின் மூட்டான யூ.ஜே. கிராஸைப் பார்த்திருக்க வேண்டும். காலை எடுக்கும்போது ஓங்கும் ஊளை பெரும்பாலும் பினியன் பேரிங் இறுக்கம் இழந்ததன் அடையாளம் என்பது அவருடைய கணிப்பு. வடிகால் போல்ட்டைக் கழற்றியபோது தண்ணீர் கலந்த ஆயில், பால் கலந்த காபி நிறத்தில் வழிந்தது.

இதற்குப் பின் அவர் செய்ததுதான் இதை நான் எழுதுவதற்கே காரணம். பிரிக்கும் முன்பே நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜை கிரவுன் வீலின் பல்லில் பொருத்தி, பினியனை அசையாமல் பிடித்து, பல்லுக்கும் பல்லுக்கும் இடையே உள்ள ஆட்டத்தை நான்கு இடங்களில் அளந்து குறித்துக்கொண்டார். பெரும்பாலான கார்களில் புதிய செட்டுக்கு இது 0.13 முதல் 0.20 மி.மீ. வரை இருக்கும், என் வண்டியில் 0.22 இருந்தது, நான்கு இடங்களிலும் அநேகமாக ஒரே அளவு. பல்லில் சேதம் இல்லாததால், பழைய சோடியையே வைத்துக்கொண்டு பேரிங்குகளை மட்டும் மாற்றுவது என்று முடிவாயிற்று. பல ஆண்டு ஓடிப் பழகிய பற்களைப் புதிய செட்டுக்கான அளவுக்கு இறுக்கினால் அவை தேயாத இடத்தில் உரசிச் சத்தம் போடும். அதனால் அந்த 0.22-க்கே திரும்பக் கொண்டுவர வேண்டும் என்றார். பட்டறைகளில் இதை அளக்காமலே பிரித்துவிடுவதுதான் பாதிச் சத்தங்களுக்குக் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

புரொப்பெல்லர் தண்டு பினியனோடு இணையும் ஃபிளாஞ்சுக்கு அருகில் இருந்த சிறிய பேரிங்கின் உருளைகளில் துருவால் குழி விழுந்திருந்தது. புதிய பேரிங்குகள் போட்டதும், பினியன் எவ்வளவு உள்ளே நிற்கிறது என்பதை மீண்டும் சரிபார்க்க வேண்டும், ஏனெனில் பினியனின் பல்லை ஒட்டிய பெரிய பேரிங்கின் தடிமன் இம்மியளவு மாறினாலும் பினியனும் அவ்வளவு நகரும். அடுத்து, ஃபிளாஞ்சில் நூலைச் சுற்றி ஸ்பிரிங் தராசால் இழுத்து, பினியன் சுழல எவ்வளவு விசை வேண்டும் என்று பார்த்தார். புதிய பேரிங்குக்குச் சொல்லப்படும் இறுக்கம் பழையதைவிட ஏறக்குறைய இரு மடங்கு. இரு பேரிங்குகளுக்கும் நடுவே நசுங்கி இறுக்கத்தை நிர்ணயிக்கும் ஸ்பேசர் என்ற குழாய் உள்ள வண்டிகளில் பினியன் நட்டு கொஞ்சம் அதிகமாக இறுகிவிட்டால் பின்னோக்கித் தளர்த்திச் சமாளிக்கக் கூடாது. புதிய ஸ்பேசர்தான் போட வேண்டும்.

கடைசியில் பற்கள் தொடும் இடத்தைக் காட்டும் நீலச் சாயத்தைப் பல்லில் தடவி, கிரவுன் வீலை ஒரு மரக்கட்டையால் தடுத்துச் சுமை கொடுத்தபடி சுற்றினார். அழுத்தத்தின் தடம் பல்லின் அடிப்பக்கம் விழுந்தால் பினியன் அதிகம் உள்ளே இருக்கிறது. நுனிப்பக்கம் விழுந்தால் வெளியே இருக்கிறது. இதற்கு பினியன் ஷிம்மை மாற்ற வேண்டும். தடம் பல்லின் உள்முனைக்கோ வெளிமுனைக்கோ ஒதுங்கினால் கிரவுன் வீலை நகர்த்த வேண்டும். சில வண்டிகளில் அதற்கு மரையுள்ள வளையம், சிலவற்றில் ஷிம். ஒன்றைத் திருத்தினால் மற்றதும் கொஞ்சம் மாறும் என்பதால் மூன்று முறை கழற்றி மாட்டினார். மூன்றாம் முறை தடம் பல்லின் நடுவில், முட்டை வடிவில் விழுந்தது.

ஆயில் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பினியனின் மையம் கிரவுன் வீலின் மையத்துக்குக் கீழே விலகி நிற்கும் இந்த ஹைப்பாய்டு அமைப்பில் பற்கள் உருள்வதோடு வழுக்கவும் செய்வதால், கடையில் "90 நம்பர்" என்று கெட்டித்தன்மையை மட்டும் சொல்லிக் கேட்காமல், அதிக அழுத்தம் தாங்கும் ஜி.எல்.5 தரம் என்று டப்பாவில் பார்த்து வாங்குங்கள்.

முதல் நாள் இருபது நிமிடம் நிதானமாக ஓட்டி, ஆறவிட்டு, ஹவுசிங்கின் மூக்குப் பகுதியைத் தொட்டுப் பார்த்தேன். கை பொறுக்கும் சூடுதான். 800 கி.மீ. ஓடியதும் ஆயிலை இறக்கினேன். காபி நிறம் இல்லை. போல்ட்டின் நுனியில் மாவு போன்ற மெல்லிய இரும்புத் தூள் மட்டும். மறுபடி தண்ணீர் புகாமலிருக்க, அன்றே ஆக்சிலின் காற்றுத்துளையான ப்ரீத்தரில் ஒரு ரப்பர் குழாயைப் பொருத்தி, அதன் வாயை டிக்கிக்குள், ஸ்டெப்னியின் மேல்மட்டத்துக்கு உயர்த்திக் கட்டிவிட்டேன்.