தோட்டக்காரர் என்று எழுத முடியவில்லை

மொழிபெயர்ப்பு வேலைக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. நீளமான பத்திகளைவிட ஒற்றைச் சொற்கள்தான் என்னை அதிக நேரம் உட்கார வைத்திருக்கின்றன. அமெரிக்க வரலாற்றுத் தொகுப்பு ஒன்றுக்காக ஜான் ராண்டால்ஃபின் வாழ்க்கைக் குறிப்பு வந்தபோது முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். விர்ஜீனியாக்காரர், 1799இல் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்வானவர், 'பிளான்டர்'.

அகராதியில் 'தோட்டக்காரர்' என்று போட்டிருந்தது. நம்மிடம் தோட்டக்காரர் என்றால் செடிக்குத் தண்ணீர் விடுகிறவர். ராண்டால்ஃபின் ரோனோக் பண்ணையில் புகையிலைக்குக் குனிந்தவர்கள் வேறு ஆட்கள். அவர்கள் அடிமைகள், அவருடைய சொத்துக் கணக்கில் இருந்தார்கள். 'பண்ணையார்' என்று அடித்துப் பார்த்தேன், மனம் ஒப்பவில்லை. கடைசியில் 'அடிமைகளை உடைமையாக வைத்திருந்த பண்ணை முதலாளி' என்று எழுதினேன். நீளம்தான். ஆனால் உண்மை அதில் இருக்கிறது.

மூலக் குறிப்பு முழுக்க அவருடைய துடுக்குதான். வேட்டை நாய்களோடு சபைக்குள் வந்தது, ஜனாதிபதி ஜெஃபர்சனோடு முறித்துக்கொண்டது, 1826இல் ஹென்றி கிளே என்ற அரசியல்வாதியோடு துப்பாக்கிச் சண்டை. உயிலுக்கு மட்டும் ஒரே வரி. எனக்கு அந்த வரியைத் தாண்டிப் போகவே முடியவில்லை. தேடிப் படித்தேன்.

1833இல் அவர் இறந்தார். அடிமைகளுக்கு விடுதலை, குடியேற நிலம் வாங்கப் பணம், அவர்களை வைத்திருந்ததற்கு வருத்தம் எல்லாம் முன்பு எழுதிய உயிலில் இருந்தன. ஆனால் 1832இல் எழுதிய இன்னோர் உயில் பெரும்பாலோரை விற்கச் சொன்னது. எது செல்லும் என்ற வழக்கு வருடக்கணக்காக இழுத்தது. அந்த வருடங்களெல்லாம் அந்த மனிதர்கள் அடிமைகளாகவே காத்திருந்தார்கள். கடைசியில் விடுதலை தந்த உயிலே செல்லும் என்றானது. அப்புறம் 1846இல் 383 பேர் ஒஹையோ மாநிலத்துக்குப் புறப்பட்டார்கள். மெர்சர் கவுண்டியில் அவர்களுக்காக 3,000 ஏக்கருக்கு மேல் நிலம் வாங்கப்பட்டிருந்தது. அங்கிருந்த வெள்ளையர்கள் ஆயுதங்களோடு வந்து மறித்தார்கள். தங்களுக்கென்று வாங்கிய மண்ணில் குடியேற முடியாமல் அதே மாநிலத்தில் பிக்வா என்ற ஊர்ப் பக்கம் சிதறிப்போனார்கள்.

இதை மூன்று வரியாகச் சேர்க்கலாமா என்று கேட்டேன். இடமில்லை என்றார்கள். நாய்களைப் பற்றிய பகுதியைச் சுருக்கி இடம் பண்ணிக் காட்டினேன். ஒரு வரி மட்டும் கூடுதலாகக் கிடைத்தது. எண்ணிக்கையை 'சுமார் 400' என்று மாற்றச் சொல்லிக் குறிப்பு வந்தது. 383 என்றே திருப்பி அனுப்பினேன்.