ஏரிக்கு நடுவே ஒரு பிரமிடு: ப்யூக்லர் இளவரசரின் பூங்காக்களில்

பெர்லினிலிருந்து கோட்பஸுக்கு ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். ஊரை ஒட்டியே பிரானிட்ஸ் பூங்கா. மரங்களுக்கிடையே நடந்துகொண்டே போனால் திடீரென்று ஓர் ஏரி, அதன் நடுவில் மண்ணால் எழுப்பிய பிரமிடு. கல் ஒன்றுகூட வெளியே தெரியவில்லை. உச்சிவரை காட்டுக்கொடி மூடியிருக்கிறது. இலையுதிர் காலமாதலால் முழுக்க ரத்தச் சிவப்பு. பாலம் கிடையாது. கரையில் நின்றுதான் பார்க்க வேண்டும்.

உள்ளே கிடப்பவர் ஹெர்மன் ஃபொன் ப்யூக்லர் முஸ்காவ் (1785–1871). ஏரி தோண்டிய மண்ணையே குவித்து, 1856–57-இல் தன் கல்லறையைத் தானே கட்டிக்கொண்டார். அவர் ஆண்ட நாடு என்று ஒன்றுமில்லை. இளவரசர் பட்டம்கூட 1822-இல் பிரஷ்ய மன்னர் கொடுத்தது. இருந்ததெல்லாம் முஸ்காவ் என்ற ஊரில் பெரிய பண்ணை நிலம், அதைவிடப் பெரிய கடன், மரம் நடுவதில் தீராத வெறி.

அந்த வெறிக்குப் பணம் கொடுத்தவர் மனைவி லூசி. பிரஷ்யப் பிரதமர் ஹார்டன்பெர்க்கின் மகள், கணவரைவிட 9 வயது மூத்தவர். 1817-இல் திருமணம். அவர் கொண்டுவந்த சொத்தும் முஸ்காவ் பூங்காவில் கரைந்ததும், லூசியே ஒரு வழி சொன்னார்: நாம் விவாகரத்து செய்துகொள்வோம், நீங்கள் இங்கிலாந்து போய்ப் பணக்காரப் பெண்ணாகப் பார்த்துக் கட்டிக்கொள்ளுங்கள், பூங்கா பிழைக்கட்டும்! 1826-இல் விவாகரத்து ஆயிற்று. பெண் மட்டும் அமையவில்லை. ஆனால் அங்கிருந்து அவர் லூசிக்கு எழுதிய கடிதங்கள் 1830-இல் புத்தகமாகி அமோகமாக விற்றன. அதன்பிறகும் இருவரும் சேர்ந்தே வாழ்ந்தார்கள். இந்தப் பூங்காக்களை ப்யூக்லரின் பெயரோடு மட்டும் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. லூசி இல்லாமல் இவற்றில் பாதிகூட இருந்திருக்காது.

அடுத்து முஸ்காவ் போனேன். நைசே ஆறு பூங்காவை இரண்டாக வகிர்ந்து ஓடுகிறது. இக்கரை ஜெர்மனி, அக்கரை போலந்து. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்த எல்லை இது. நான் போனபோது பாலத்தில் யாரும் நிறுத்திக் கேட்கவில்லை, குழந்தைகள் சைக்கிளில் நாடு விட்டு நாடு போய் வந்துகொண்டிருந்தார்கள். 2004-இல் இரு நாடுகளும் சேர்ந்தே யுனெஸ்கோ அங்கீகாரம் வாங்கின. 1945-இல் எரிந்துபோன அரண்மனையையும் மீட்டுக் கட்டிவிட்டார்கள். ப்யூக்லரோ கடன் தாங்காமல் 1845-இலேயே முஸ்காவை விற்றுவிட்டு பிரானிட்ஸுக்குப் போய், முதலிலிருந்து மரம் நட ஆரம்பித்தவர். அப்போது அவருக்கு வயது 60.

முஸ்காவில் நான் அதிக நேரம் நின்றது பூங்காவில் அல்ல, ஊர்க் கல்லறைத் தோட்டத்தில். மக்பூபா அங்கேதான் இருக்கிறாள். எத்தியோப்பியாவின் ஒரோமோ இனச் சிறுமி. 1837-இல், எகிப்து சூடான் பயணத்தின்போது ப்யூக்லர் அவளை விலைக்கு வாங்கினார். கூடவே ஐரோப்பாவுக்கு அழைத்து வந்தார். லூசிக்கு அவள் வருவதில் துளியும் விருப்பமில்லை. குளிர் தாங்காத அந்தப் பெண், நோயில் விழுந்து 1840 அக்டோபரில் முஸ்காவில் இறந்தாள். அப்போது ப்யூக்லர் பக்கத்தில் இல்லை. பெர்லினில், நோயுற்றிருந்த லூசியோடு இருந்தார். இதைக் காதல் கதையாகச் சொல்பவர்கள் உண்டு. விலை கொடுத்து வாங்கப்பட்ட சிறுமியின் சம்மதத்தை யார் கேட்டார்கள்? என்னால் அப்படிச் சொல்ல முடியாது.

ப்யூக்லருக்குக் குழந்தைகள் இல்லை. பிரானிட்ஸ் உறவினர் கைக்குப் போய், 1945-இல் அரசுடைமை ஆயிற்று. போகிறவர்கள் இரண்டு பூங்காக்களையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள், தூரம் அதிகம். முஸ்காவில் இறங்கியதும் முதலில் மக்பூபாவின் கல்லறைக்குப் போங்கள், அப்புறம் பூங்காவைப் பாருங்கள்.