ஃபோக்போட்டும் பிளாஸ்டிக்கும்

நான் காற்றாலை இறக்கை செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்கிறவன். அச்சுக்குள் கண்ணாடி நாரை அடுக்கடுக்காக விரித்து, ரெசினை உறிஞ்சவிட்டு, இறுகினதும் பிரித்தெடுப்பதுதான் டென்மார்க் வந்த நாளிலிருந்து பிழைப்பு. அதனால், கோடையில் படகுத்துறையில் நிற்கும்போது, "பிளாஸ்டிக்கில் செய்ததெல்லாம் ஒரு படகா?" என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்று ஏறும். ஜெர்மனியிலிருந்து வரும் பாய்ப்படகுக்காரர்கள் இன்னும் ஒருபடி மேலே போய், ஃபைபர் படகைத் 'தயிர்க் கோப்பை' என்றே நக்கலடிப்பார்கள். கிளாசிக் என்றால் மரம், மரம் என்றால் கிளாசிக் என்பது அவர்கள் கணக்கு.

அந்தக் கணக்கு பிழை என்று காட்ட ஒரு படகு போதும். ஃபோக்போட் என்ற சின்னப் பாய்ப்படகு.

1940களின் தொடக்கத்தில், போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, ஸ்காண்டிநேவியப் பாய்ப்படகுச் சங்கங்கள் சேர்ந்து ஒரு போட்டி வைத்தன. சாதாரணச் சம்பளக்காரன் வாங்கக்கூடிய விலையில் இருக்க வேண்டும். குடும்பத்தோடு போய் இரவு தங்க வேண்டும். பந்தயமும் ஓட வேண்டும். ஐம்பதுக்கும் மேற்பட்ட வரைபடங்கள் வந்தும் முதற்பரிசு யாருக்கும் கிடைக்கவில்லை. நல்லதாகத் தெரிந்த சிலவற்றின் நல்ல அம்சங்களைப் பொறுக்கி, தோர்த் சுந்தேன் என்ற சுவீடன்காரரிடம் கொடுத்து ஒரே படகாக வரையச் சொன்னார்கள். முதல் படகு 1942இல் கோத்தன்பர்க்கில் தண்ணீரில் இறங்கியது. ஒரு குழு கூடி முடிவெடுத்த பொருள் இவ்வளவு வடிவாக வந்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. எங்கள் கோயில் நிர்வாகக் கூட்டத்தில் ஒரு பந்தலின் நிறத்தைக்கூட முடிவெடுக்க முடியாது!

நீளம் ஏழரை மீட்டருக்குக் கொஞ்சம் மேல், அகலம் 2.2 மீட்டர். மொத்த எடை இரண்டு தொன்னுக்குச் சற்றுக் குறைவு. அதில் பாதிக்கு மேல் அடியில் தொங்கும் இரும்பு. அந்த விகிதத்தில்தான் அதன் குணம் இருக்கிறது. பால்டிக் கடலின் குட்டையான, எரிச்சல் மூட்டுகிற அலையில் இரண்டு மடங்கு பெரிய படகுகள் தடுமாறும்போது இது தலையைக் குனிந்துகொண்டு போய்க்கொண்டே இருக்கும். உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. ஈரமும் ஆகும். அதைப் பற்றி யாரும் குறை சொல்லிக் கேட்டதில்லை.

ஆரம்பத்தில் எல்லாம் மரம்தான். பலகையின் விளிம்பில் அடுத்த பலகை ஏறி உட்காரும்படி வைத்து, செப்பு ஆணியால் தறைந்து கட்டுவார்கள். பக்கவாட்டில் பார்த்தால் முன்முனையான அணியத்திலிருந்து பின்முனையான கடையார் வரை வளைந்தோடும் வரிகள் தெரியும். பிறகு 1970களில் டென்மார்க்கில் இதை ஃபைபரில் வார்க்கத் தொடங்கினார்கள். அச்சு செய்தவர்கள் அந்த வரிகளை அப்படியே வைத்தார்கள். பலகை கிடையாது, ஆணி கிடையாது, ஆனால் ஒவ்வொரு பலகை விளிம்பும் இருக்கிறது. நிழல் விழுகிற இடம்கூட மாறவில்லை.

முதன்முதலில் பார்த்தபோது இது வெறும் வேஷம் என்றுதான் எனக்குத் தோன்றியது. மரம்போல நடிக்கிற பிளாஸ்டிக் மேசை மாதிரி. பக்கத்தில் போய்க் கையால் தடவிப் பார்த்த பிறகுதான் விளங்கியது. ஒவ்வொரு வரியிலும் கண்ணாடி நார் ஒரு சின்னப் படிபோல மடிகிறது. தட்டையான தகட்டைவிட மடிந்த தகடு வளையாமல் நிற்கும் என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. ஆக வரிகள் வடிவத்தைக் காப்பாற்றின. கூடவே உடலையும் விறைப்பாக்கின.

அதைவிட என்னை நிறுத்தியது எடை. ஃபைபரில் செய்தால் இதே படகை மரத்தைவிட எவ்வளவோ லேசாக வார்க்கலாம். எங்கள் வேலையில் கிலோ கிலோவாகக் குறைப்பவன்தான் கெட்டிக்காரன். ஆனால் ஃபோக்போட் விதி அதற்கு விடாது. பிளாஸ்டிக் படகு மரப்படகின் எடைக்கே வர வேண்டும், அடியிரும்பும் அதே அளவு. புதுப் பொருள் தந்த வசதியை வேண்டுமென்றே கைவிட்டு, பழைய படகோடு சமமாக ஓடச் சம்மதித்தார்கள். இன்றைக்கும் ஃபோக்போட்டுகளுக்கான கோல்ட் கப் பந்தயத்தில் இரண்டு வகையும் ஒரே கோட்டிலிருந்து புறப்படுகின்றன. காற்றை வாசிக்கத் தெரிந்தவன் மரப்படகில் வந்தும் முந்துவான்.

என் கண்ணுக்குக் கிளாசிக் என்பது இதுதான். அடுத்ததாகக் கட்டவந்தவனுக்கு மாற்றுவதற்கு வசதி, பொருள், காரணம் எல்லாம் இருந்தும், மாற்ற மனம் வராத படகு.

மரத்தில் கட்டினால் தானாக அந்தத் தகுதி வந்துவிடாது. அந்தக் காலத்தில் கட்டியது எல்லாமே மரம்தானே. அதில் எத்தனையோ சப்பைப் படகுகள் இருந்தன. அவை உக்கி, விறகாகி, நம் கண்ணில் படாமல் போய்விட்டன. மிஞ்சி நிற்கும் நல்லதுகளைப் பார்த்து "மரமென்றால் மரம்" என்கிறோம். ஃபைபரிலும் அதே கதை. 70களில் வார்த்துத் தள்ளிய எத்தனையோ மாதிரிகள் இன்று பெயர்கூடத் தெரியாமல் காட்டுச்செடி மண்டிக் கிடக்கின்றன. ஃபைபர் உக்காது, அதுதான் அதன் துரதிர்ஷ்டம். மோசமான படகும் சாகாமல் கிடந்து இனத்தின் மானத்தை வாங்குகிறது.

ஃபோக்போட்டின் வம்சத்தில் முழுக்க ஃபைபரிலேயே பிறந்தவையும் உண்டு. இங்கிலாந்தின் லிமிங்டனில் ஜெரமி ரோஜர்ஸ் என்பவர் முதலில் மர ஃபோக்போட்டுகள் கட்டிக்கொண்டிருந்தார். 60களின் நடுவில் டேவிட் சாட்லரோடு சேர்ந்து அதே சாயலில் கொன்டெஸ்ஸா 26 என்ற படகை ஃபைபரில் கொண்டுவந்தார். வரிகள் இல்லை, பக்கம் வழுவழு. ஆனாலும் தூரத்திலிருந்து பார்த்தால் யார் பிள்ளை என்று தெரிந்துவிடும். 1985இல் நியூயார்க்கிலிருந்து தானியா ஏபி என்ற 18 வயதுப் பெண் தனியாக உலகைச் சுற்றப் புறப்பட்டது இந்தப் படகில்தான். 1987இல் திரும்பி வந்தார். தயிர்க் கோப்பை என்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தக் கதை.

இன்னொரு பக்கம், ஜெஸ்டர் என்ற படகு. மர ஃபோக்போட்டின் உடலில் சீனப் பாயை ஏற்றி, 1960இல் தனியாட்கள் ஓட்டும் பந்தயம் ஒன்றில் பிளாண்டி ஹாஸ்லர் அட்லாண்டிக்கைக் கடந்தார். அந்தப் பந்தயத்தில் பிரான்சிஸ் சிச்செஸ்டர் 40 நாளில் முதலாவது, ஹாஸ்லர் 48 நாளில் இரண்டாவது. 1988இல் ஜெஸ்டர் நடுக்கடலில் தொலைந்தது. ஆட்கள் சும்மா இருக்கவில்லை. புதிதாக இன்னொன்றைக் கட்டி அதே பெயரை வைத்தார்கள். அந்த மரம் போயிற்று, படகு போகவில்லை.

புகழ் வேறு, கிளாசிக் வேறு. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் வரை ஓடியது. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அதைச் சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தார்கள். எனக்கும் பெருமைதான். ஆனால் அதே வடிவில் இன்று ஒன்று கட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறோமா என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்ற வேண்டியிருக்கிறது.

சரி, இதையெல்லாம் எழுத வைத்தது என் மருமகன். படகு வாங்கப் போகிறானாம். "மாமா, மரம் வாங்கினால் மரியாதை, பிளாஸ்டிக் வாங்கினால் நிம்மதி, எது?" என்கிறான். ஐஎஃப் போட், அதாவது இன்டர்நேஷனல் ஃபோக்போட், ஒன்று பார் என்றேன். சுந்தேனே பிறகு ஃபைபருக்கென்று வரைந்தது. சுவீடனில் மாரியேஹோல்ம் பட்டறையில் ஆயிரக்கணக்கில் வார்த்தார்கள், அதனால் விலையும் கைக்கு எட்டும்.

போகும்போது ஸ்க்ரூடிரைவர் ஒன்றைக் கொண்டுபோகச் சொன்னேன். அதன் பிடியால் மேல்தளம் முழுக்கத் தட்டிக்கொண்டே போக வேண்டும். 'டக் டக்' என்று கெட்டியாகக் கேட்டால் நல்லது. மந்தமாக 'தொப்' என்றால் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கிறது. தண்ணீர்க் கோட்டுக்குக் கீழே சின்னச் சின்னக் கொப்புளம் இருந்தால் ஒன்றைக் குத்திப் பார். வினாகிரி மணம் வந்தால் ரெசினுக்குள் தண்ணீர் போயிருக்கிறது. விலையைக் குறை, ஆனால் விட்டுவிடாதே, அதைச் சரிசெய்யலாம், நானே வந்து செய்து தருவேன். அடியிரும்பைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் துரு வழிந்த கோடு இருந்தால் மட்டும் எனக்கு ஃபோன் எடு, கையெழுத்து வைக்காதே.