கேமரா இல்லாமலே போட்டோ: சயனோடைப்ல ஆரம்பிங்க

பழைய போட்டோ முறை ஏதாவது ஒண்ணு கத்துக்கணும்னு யார் கேட்டாலும் நான் சயனோடைப்தான் சொல்வேன், அதாவது மருந்து பூசின பேப்பர்ல வெயில் பட்டு நீல கலர்ல படம் பதியுற முறை. டார்க்ரூம் வேணாம், கேமரா வேணாம், விலை ஜாஸ்தியான வெள்ளி உப்பும் வேணாம், ரெண்டு இரும்பு உப்பும் நல்ல வெயிலும் தண்ணியும் போதும். 1842ல ஜான் ஹெர்ஷல்னு ஒரு இங்கிலாந்து விஞ்ஞானி கண்டுபிடிச்சாரு, அடுத்த வருஷமே அன்னா அட்கின்ஸ்னு ஒரு அம்மா கடல்பாசியை பேப்பர் மேல நேரா வச்சு பிரிண்ட் எடுத்து புத்தகமாவே போட ஆரம்பிச்சிட்டாங்க, அந்தப் பக்கங்களை நெட்ல தேடிப் பாருங்க, அவ்வளவு அழகு!

ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட் 25 கிராம் 100 மில்லி தண்ணியில, பொட்டாசியம் ஃபெரிசயனைடு 10 கிராம் இன்னொரு 100 மில்லியில, தனித்தனி பாட்டில்ல கரைச்சு வைங்க. கிளவுஸ் போடுங்க, சமையல் பாத்திரம் பக்கமே கொண்டு போகாதீங்க, ஃபெரிசயனைடுல ஆசிட் மட்டும் படவே கூடாது, விஷ வாயு வரும். ரெண்டையும் சம அளவு கலந்து, ஜன்னலை மூடிட்டு சாதாரண பல்பு வெளிச்சத்துலயே வாட்டர்கலர் பேப்பர்ல பிரஷ்ஷால பூசி, இருட்டுல காய விடுங்க.

காஞ்சதும் மேல இலையை வச்சு கண்ணாடியால அழுத்தி வெயில்ல வைங்க. புதுசா செய்யுறவங்க நிறைய பேர் இங்கதான் அவசரப்படுறாங்க. மஞ்சப்பச்சையா இருந்த பேப்பர் நீலமாகும், உடனே எடுத்துடத் தோணும், எடுக்காதீங்க! கழுவும்போது பாதி நீலம் தண்ணியோட போயிடும். அந்த நீலம் வெளுத்து சாம்பல் கலர் வர்ற வரைக்கும் விடுங்க, கெட்டுப்போச்சோன்னு தோணும், கெடல, வெயில் ஜாஸ்தியானா பேப்பர்ல உருவான அந்த நீல நிறமியே (பிரஷ்யன் நீலம்னு பேரு) கொஞ்சம் நிறம் இழக்கும், அப்புறம் காத்து பட்டா திரும்பிடும். உச்சி வெயில்னா பத்து பதினஞ்சு நிமிஷம், மேகமா இருந்தா இன்னும் ரொம்ப நேரம், அதனால கடிகாரத்தை விட கலரைப் பாருங்க.

அப்புறம் இலை இருந்த இடத்துல மஞ்சள் சுத்தமா போற வரைக்கும் பச்சைத்தண்ணியில கழுவணும். சோப்பு, சோடா வேணாம், காரம் பட்டா நீலம் போயிடும். ஒரு நாள்ல கலர் தானா கறுத்து ஆழமாகும், பொறுமை இல்லன்னா கடைசி தண்ணியில கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்சைடு விடுங்க, கண்ணு முன்னாடியே மாறும்.

முதல் தடவைக்கு மெல்லிசான இலையா எடுங்க, தடிச்ச இலைல வெளிச்சம் உள்ள போகாம வெறும் நிழல்தான் விழும், மெல்லிசுல நரம்பு வரைக்கும் பதியும்.